பிரேக் இல்லாத மோட்டார்

தொழிற்சாலையை மூடி, உள்ளே இருந்ததையெல்லாம் ஏலம் போட்ட நாளில் டிபோர் ஹலாஸ் கையைத் தூக்கி ஒரு பழைய மில்லிங் மெஷினை வாங்கிவிட்டான். வாங்கி முடித்த பிறகுதான் பக்கத்தில் நின்ற கிளிஃப் மெலோஷைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னடா அப்படிப் பாக்குறே? பத்தொம்பது வருஷம் இது முன்னாடி நின்னு வேலை பார்த்திருக்கேன். எவனோ காயலான் கடைக்காரன் தூக்கிட்டுப் போகட்டும்னு விடச் சொல்றியா?"

"உன் கராஜ்லதான வைக்கப் போறே? இலோனா காரை எங்க நிறுத்துவா?"

"பனியில நிறுத்துவா. அவளுக்குப் பழக்கம்தான்."

கிளிஃப் சிரித்தான். அந்த நவம்பர் மாதத்தில் அவன் சிரித்தது அன்று ஒரு தடவைதான். பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவன் இருபத்தாறு வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். டிபோர் மில்லிங் மெஷினில் இரும்பை வெட்டிச் செதுக்கியவன். வின்ட்சர் நகரத்தில் அந்த மாதிரிப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த வருடம் அது. ஐம்பத்தெட்டு வயதுக்காரர்களை வேறு யாரும் வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அதனால்தான் அந்த யோசனை வந்தது. கையால் கைப்பிடி சுற்றி ஓட்டும் மெஷினை, கம்ப்யூட்டர் ஓட்டுகிற மெஷினாக மாற்றிவிடுவது. இரும்பு வேலை டிபோருடையது. மோட்டார், மின்சாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கிளிஃபுடையது. லெமிங்டன் பக்கம் தக்காளிப் பசுமைக்கூடங்கள் வைத்திருந்த மென்னோ ஃப்ரீசன் என்பவர், கூரைச் சன்னல்களைத் திறந்து மூடும் அலுமினியத் தாங்கிகள் நானூறு வேண்டும், மே மாதக் கடைசிக்குள் தர முடியுமா என்று கேட்டிருந்தார். முடியும் என்று டிபோர் உடனே சொல்லிவிட்டான். மெஷின் அப்போது கராஜ் நடுவில் தார்ப்பாய் போர்த்தியபடி பேசாமல் நின்றுகொண்டிருந்தது.

ஜனவரி முழுக்க டிபோரின் மனைவி இலோனாவின் சமையலறை மேசைமேல் மோட்டார் விலைப்பட்டியல்கள்தான். கசகசா ரொட்டிச் சுருள் ஒரு தட்டில், காப்பி இரண்டு கோப்பையில், நடுவில் சண்டை.

"தெருக்கோடி ரோய் பொட்வின் ஸ்டெப்பர் மோட்டார்தான் போட்டிருக்கான். பாதி விலை. போர்டும் சின்னதா, பச்சைக் கலர்ல, சோப்புப் பெட்டி மாதிரி இருக்கு. மெஷின் ஓடுதே?" என்றான் டிபோர்.

"ரோய் மரப்பலகையில அவன் பேத்தி பேரைச் செதுக்குறான். நீ இரும்பு வெட்டப் போறே." கிளிஃப் பென்சிலை மேசையில் தட்டினான். "ஸ்டெப்பர்னா கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்குறவன் மாதிரிடா. ஆயிரம் அடி நடன்னா நடப்பான். நடுவுல தடுக்கி பத்து அடி குறைஞ்சுதுன்னா அவனுக்கே தெரியாது. ஆயிரமும் நடந்துட்டேன்னு சத்தியம் பண்ணுவான். உன் தாங்கியில ஓட்டை எங்க இருக்கணுமோ அங்க இருக்காது."

"சர்வோ?"

"சர்வோவுக்கு முதுகுல கண்ணு. எவ்வளவு தூரம் போனேன்னு அதுவே பார்த்து, மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடுற டிரைவ்கிட்ட சொல்லும். டிரைவ், கம்ப்யூட்டர்ல இருக்கிற கண்ட்ரோல் கார்டுகிட்ட சொல்லும். மயிரிழை விலகினாலும் இழுத்துக்கிட்டு வந்து நிறுத்தும். முடியலேன்னா நின்னுடும், பொய் சொல்லாது."

"சரிடா கரண்ட்டு, சர்வோவே போடு." டிபோர் கிளிஃபைக் கரண்ட்டு என்றுதான் கூப்பிடுவான். "கேபிளாவது சாதாரணக் கேபிள் வாங்கலாமா?"

"கூடாது. மோட்டாருக்குப் போற கம்பியும் கண்ணுலேருந்து வர்ற கம்பியும் பக்கத்துல பக்கத்துல ஓடினா, இது பேசுறது அதுக்குக் கேட்கும். மெஷின் தானா ஆடும். மேல உறை போட்ட கேபிள்தான்."

"அவசர நிறுத்தம்? கம்ப்யூட்டர் திரையிலயே ஒரு பட்டன் இருக்காம். அது போதாதா?"

கிளிஃப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். "கம்ப்யூட்டரே உறைஞ்சு போச்சுன்னா யாரை அமுக்குவே? சிவப்புப் பட்டன் தனியா இருக்கணும். அதை அடிச்சா யாரையும் கேட்காம மூணு மோட்டாரோட டிரைவுக்கும் போற கரண்ட்டை அப்படியே அறுக்கணும். இதுல நான் ஒரு அங்குலம்கூட இறங்கி வர மாட்டேன்."

இப்படி ஒவ்வொன்றிலும் கிளிஃபே ஜெயித்தான். டிபோர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொள்வான். இருபது வருட சிநேகிதத்தில், மின்சாரம் என்று வந்தால் கிளிஃப் சொல்வதுதான் சரி என்பது அவனுக்குப் படிந்துபோன விஷயம்.

சாமான்களுக்கு ஆர்டர் கொடுத்த மறுநாள் இலோனா அந்தக் கேள்வியைக் கேட்டாள். இலோனா வார்ப்பட ஆலையில் இருபத்திரண்டு வருடம் கூரைக்கடியில் உட்கார்ந்து கிரேன் ஓட்டியவள். கொதிக்கும் இரும்புக் குழம்பு நிறைந்த தொட்டியை, கீழே நிற்கிற மனிதர்களின் தலைக்கு மேலே கொண்டுபோய் இறக்கியவள். இப்போது உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே கேட்டாள்.

"அந்தத் தலை எவ்வளவு கனம்?"

"எந்தத் தலை? இவன் தலையா?" என்றான் டிபோர்.

"மெஷினோட தலை. மேலயும் கீழயும் போகுதே."

"நானூறு பவுண்டு இருக்கும்" என்றான் கிளிஃப்.

"கரண்ட் போச்சுன்னா அதை எது பிடிச்சுக்கும்? என் கிரேன்ல கரண்ட் நின்னா உடனே பிரேக் கவ்விக்கும். கரண்ட் இருந்தாத்தான் பிரேக்கே விடும். இதுல என்ன இருக்கு?"

கிளிஃப் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான். "இலோனா, இது கிரேன் இல்ல. சர்வோ மோட்டார் பிடிச்சுதுன்னா லாரி வச்சு இழுத்தாலும் அசையாது."

"கரண்ட் இருக்கும்போது."

"அவளுக்கு எல்லாமே கிரேன்தான்" என்று டிபோர் குறுக்கே விழுந்தான். "கல்யாணத்தன்னைக்கு என்னையே கொக்கி மாட்டித்தான் தூக்கினா." இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். இலோனா கிழங்கைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தன் ஃபிளாட்டில், தனியாக உட்கார்ந்து, கிளிஃப் விலைப்பட்டியலை மறுபடி புரட்டினான். மனைவி பிரிந்து போன நாளிலிருந்து அவன் வீட்டில் காலைச் சாப்பாடு என்பது சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டே தின்பதுதான். அன்று உட்கார்ந்தான். பழைய மெஷினில் தலையைத் தூக்கும் மரைத்தண்டு பழைய மாதிரியானது. உரசல் அதிகம், அதனால் கைப்பிடியை விட்டாலும் தலை இருந்த இடத்தில் இருக்கும். துல்லியம் வேண்டுமென்று அவர்கள் மாற்றப்போகிற புதுத் தண்டு, உள்ளே இரும்புக் குண்டுகள் உருளுகிற வகை. அதில் உரசலே கிடையாது. மோட்டார் பிடியை விட்டால் தலையின் கனமே தண்டைச் சுழற்றிக்கொண்டு கீழே வரும். அவனுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான். டிரைவ், கார்டு, கேபிள், பட்டன் என்று எல்லாவற்றையும் யோசித்தவன் இதை யோசிக்கவில்லை.

அதே மோட்டார், பிரேக்கோடு, பட்டியலில் அடுத்த வரியிலேயே இருந்தது. கடைசி எழுத்து மட்டும் வேறு. பக்கத்தில் சின்ன எழுத்தில்: வந்து சேர ஆறு வாரம்.

போனைக் கையில் எடுத்தான். விற்பவரிடம் பேச வேண்டும், அது பெரிய விஷயமில்லை. டிபோரிடம் பேச வேண்டும். ஆறு வாரம் தள்ளிப்போகும், ஃப்ரீசனுக்குச் சொன்ன நாள் தவறும், ஏனென்றால் நான் மறந்துவிட்டேன், உருளைக்கிழங்கு சீவுகிறவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல வேண்டும். ஒரு மாதம் முழுக்க ஒரு அங்குலம் இறங்கி வர மாட்டேன் என்று மேசையைத் தட்டியவன் சொல்ல வேண்டும். கிளிஃப் போனை வைத்துவிட்டான். முதலில் மெஷின் ஓடட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டான்.

மார்ச் மாதம் மெஷின் ஓடியது. கிளிஃப் வயரிங் செய்த பெட்டியைத் திறந்து பார்த்த டிபோர், "இதைச் சர்ச்சுல கொண்டுபோய் வைக்கலாம்டா" என்றான். ஒவ்வொரு கம்பிக்கும் எண் சீட்டு, ஒவ்வொரு வளைவும் ஒரே அளவு. துண்டைத் தாங்கும் மெஷின் மேசை இடது வலதாக ஓடியது, முன்னும் பின்னும் ஓடியது. நானூறு பவுண்டுத் தலை, சொன்ன இடத்தில், சொன்ன அளவில், முனகல்கூட இல்லாமல் வந்து நின்றது. டிபோர் அளவுமானியை வைத்துப் பார்த்தான், துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். பிறகு கிளிஃபைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

அன்று டிபோர் பீட்ஸா வாங்கப் போன நேரத்தில் கிளிஃப் கரண்ட்டை அணைத்துப் பார்த்தான். தலை மெல்ல, தூக்கத்தில் சாய்கிறவன் மாதிரி, நாலு விரல்கடை இறங்கி நின்றது. புது மெஷின், எல்லாம் இறுக்கமாக இருந்தது, அதனால் நின்றது. கிளிஃப் ஒரு மேப்பிள் கட்டையை அறுத்து எடுத்து வந்து தலைக்கு அடியில் வைத்தான். டிபோர் பீட்ஸாவோடு வந்து பார்த்தான்.

"இது என்ன?"

"அணைக்கும்போது தலையை இது மேல உட்கார வச்சுட்டு அணை. மரைத்தண்டுக்கு நல்லது."

"சரி" என்றான் டிபோர். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் கட்டையை வைத்தான்.

ஏப்ரல் மாதம் அவர்கள் இரண்டு பேருக்கும் நல்ல மாதம். காலை எட்டு மணிக்கு கராஜ் கதவு திறக்கும். டிபோர் அலுமினியத் துண்டை வைஸ் இடுக்கியில் பூட்டுவான், கிளிஃப் பட்டனைத் தட்டுவான், மெஷின் பால் போல ஓடும். ஃப்ரீசன் ஒரு நாள் தானே லாரியில் வந்து, முதல் நூறு தாங்கிகளைக் கையில் எடுத்துப் பார்த்து, "என்னோட பழைய ஆள் செஞ்சதைவிட நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு கூடைத் தக்காளி கொடுத்துவிட்டுப் போனார். டிபோர் வாரம் ஒரு முறை நன்றாக எண்ணெய் போட்டு, தலை ஏறி இறங்கும் தடங்களைத் துடைத்து, கச்சிதமாக வைத்திருந்தான். மெஷின் ஓடி ஓடி இளகியது. ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் கரண்ட்டை அணைத்தபோது தலை மெல்ல இறங்கவில்லை. டொக்கென்று கட்டைமேல் வந்து உட்கார்ந்தது. டிபோர் கை கழுவிக்கொண்டிருந்தான், பார்க்கவில்லை. கிளிஃப் பார்த்தான். இன்னும் நூற்றிருபது தாங்கிதான் பாக்கி, முடித்துவிட்டு மோட்டாரை மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு கோட்டை மாட்டிக்கொண்டான்.

மே மாதம் பத்தாம் தேதி, காலை பத்தரை மணி. வெயில் கராஜ் வாசல்வரை வந்திருந்தது. ஒரு தாங்கி முடிந்து, வெட்டும் கருவி சுழல்வது நின்று, தலை ஒரு சாண் உயரத்தில் காத்துக்கொண்டு நின்றது. டிபோர் வைஸுக்குள் இடது கையை விட்டு அலுமினியச் சுருள்களைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான். அவன் அன்று ஏதோ ஹாக்கி மேட்ச்சைப் பற்றித் திட்டிக்கொண்டிருந்தான். கிளிஃப் கம்ப்யூட்டர் பக்கம்.

மேசை துள்ளியது. யாரும் ஒன்றும் சொல்லாமல், ஒரு கட்டைவிரல் அகலம், டிபோரை நோக்கி. மறுபடி ஒரு தடவை.

"ஏய்!" என்றான் டிபோர்.

கிளிஃபின் கை யோசிக்கவே இல்லை. இருபத்தாறு வருடப் பழக்கம். சிவப்புப் பட்டனை உள்ளங்கையால் அடித்தான். பட்டன் அவன் வடிவமைத்தபடியே வேலை செய்தது. யாரையும் கேட்காமல் மூன்று டிரைவுக்கும் போகிற கரண்ட்டை அறுத்தது. மேசை நின்றது. தலை விழுந்தது.

டிபோர் கத்தவில்லை. தன் தாய்மொழியான ஹங்கேரிய மொழியில் ஏதோ ஒரு வார்த்தை மெதுவாகச் சொன்னான். கிளிஃப் ஓடிப்போய்த் தலையை இரண்டு கையாலும் தூக்கப் பார்த்தான். நானூறு பவுண்டு. அசைகிற மாதிரி இருந்தது, பிறகு அசையவில்லை. தூக்க வேண்டுமென்றால் கரண்ட் வேண்டும். கம்ப்யூட்டர் பக்கம் திரும்ப ஓடி, சிவப்புப் பட்டனைத் திருகி விடுவித்து, மீண்டும் கரண்ட் கொடுக்கும் பச்சைப் பட்டனை அமுக்கினான். டிரைவ்கள் விழித்து, தங்களைச் சோதித்துக்கொண்டு, தயார் என்று விளக்குப் போட ஏழு நொடி ஆகும். வாங்கும்போது அவனே படித்துப் பார்த்து, ஏழு நொடி ஒன்றும் அதிகமில்லை என்று டிபோரிடம் சொன்னது. கிளிஃப் மூன்று விளக்குகளையும் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் டிபோர் மூச்சு வாங்குவது கேட்டது. மூன்றாவது விளக்கு எரிந்தது. தலையை மேலே ஏற்றினான்.

இரண்டு விரல் அங்கேயே போய்விட்டது. மூன்றாவதை ஆஸ்பத்திரியில் வைத்துத் தைத்தார்கள். இருந்தது, ஆனால் மடங்கவில்லை.

மேசை ஏன் துள்ளியது என்று மறுநாளே கிளிஃப் கண்டுபிடித்துவிட்டான். மேசை மோட்டாரின் கண்ணிலிருந்து வரும் கம்பியின் இணைப்பு, அதிர்ந்து அதிர்ந்து தளர்ந்திருந்தது. அவன் ஆஸ்பத்திரியில் டிபோரின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதைச் சொன்னான். "கனெக்டர் லூஸாயிடுச்சுடா. என் தப்புதான்."

"போடா, கனெக்டர்னா லூஸாகத்தான் செய்யும்" என்றான் டிபோர். மருந்து மயக்கத்தில் கண் பாதிதான் திறந்திருந்தது. "கனெக்டரை விடு. நீ பட்டனை அடிச்சியே, அதைச் சொல்லு. மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சு என் மேல பாயுது. நான் கையை இழுக்கணும்னுகூட யோசிக்கல. நீ அடிச்சிட்டே. நீ மட்டும் கம்ப்யூட்டர்லயே பட்டன் போதும்னு என் பேச்சைக் கேட்டிருந்தா தோளோட போயிருக்கும்டா."

"டிபோர், அந்தத் தலை..."

"தலை, மேசை எல்லாம்தான் ஆடுச்சு. நீ நிறுத்தினே." டிபோர் நல்ல கையை நீட்டிக் கிளிஃபின் முழங்காலைத் தட்டினான். பிறகு தூங்கிவிட்டான்.

கிளிஃப் அங்கிருந்து வெளியே வந்து, கார் நிறுத்தும் இடத்திலேயே நின்று, விற்பவருக்குப் போன் செய்து பிரேக் வைத்த மோட்டாருக்கு ஆர்டர் கொடுத்தான். ஆறு வாரம் ஆகும் என்றார்கள். பரவாயில்லை என்றான்.

அந்த ஆறு வாரமும் டிபோர் போகிற இடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னான். ஹங்கேரியர் மன்றத்தில் சொன்னான், முடிவெட்டும் கடையில் சொன்னான், ஃப்ரீசனிடம் சொன்னான். கதையில் கிளிஃப் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் வேகமாகப் பட்டனை அடித்தான். மன்றத்தில், ஆப்ரிகாட் பழப் பிராந்தியே பிடிக்காத கிளிஃபுக்கு, முன்பின் தெரியாதவர்கள் அதை வாங்கிக் கையில் கொடுத்துத் தோளில் தட்டினார்கள். "இவர்தானா அவர்?" என்று ஒரு கிழவி கேட்டாள். கிளிஃப் குடித்தான். மிச்சத் தாங்கிகளை அவன் தனியாகவே செய்து முடித்து ஃப்ரீசனுக்கு அனுப்பினான். கட்டையை அடியில் வைக்காமல் மெஷினுக்குள் கையை விடவில்லை.

மோட்டார் ஜூன் கடைசியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபோரும் இலோனாவும் சர்ச்சுக்கும், பிறகு மன்றத்துச் சாப்பாட்டுக்கும் போய்விடுவார்கள். கராஜ் சாவி கிளிஃபிடம் இருந்தது. பழைய மோட்டாரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, புதியதைத் தூக்கிப் பொருத்திக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. இலோனா சர்ச்சுக்குப் போட்ட நல்ல உடுப்போடு நின்றாள். மன்றத்துச் சமையலுக்குப் பெரிய பாத்திரம் ஒன்று போதவில்லை என்று எடுக்க வந்திருந்தாள்.

அவள் கிளிஃபைப் பார்த்தாள். தரையில் கிடந்த மோட்டாரைப் பார்த்தாள். புது மோட்டாரைப் பார்த்தாள். அது பழையதைவிட நாலு விரல்கடை நீளம் அதிகமாக இருந்தது, பின்னால் இரண்டு கம்பி கூடுதலாக வந்தது. இருபத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டியவளுக்கு அந்தக் கூடுதல் நீளம் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அது வர எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாள்.

"ஆறு வாரம்."

விரல் மடக்காமலே அவள் கணக்குப் போடுவது தெரிந்தது. "அப்போ அடிபட்ட அடுத்த நாளே ஆர்டர் சொல்லியிருக்கே."

"ஆமா."

"நான் கேட்டேன்ல, கிளிஃப்?"

"கேட்டே."

"நான் கேட்டப்போ உனக்குத் தெரியாதா?"

"அப்போ தோணல. மறுநாள் காலையில தெரிஞ்சுடுச்சு."

"அந்தக் கட்டை?"

கிளிஃப் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அதுக்குத்தான்."

இலோனா அலமாரியிலிருந்து பாத்திரத்தை எடுத்தாள். எடுத்துவிட்டுப் போகவில்லை. கராஜில் இருந்த ஒரே ஸ்டூலில், பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் மெஷினைப் பார்த்தாள்.

"இன்னைக்கே டிபோர்கிட்ட சொல்லிடறேன்" என்றான் கிளிஃப். "மன்றத்துக்கு வந்தே சொல்றேன். என்னால முடியல இலோனா. ஒவ்வொருத்தனும் தோள்ல தட்டுறான்."

"சொல்லாதே."

"என்ன?"

"சொல்லாதேன்னேன்." அவள் குரல் உயரவில்லை. "அந்த ஆளு தூங்குறான், கிளிஃப். உனக்குத் தெரியுமா அது? கை வலிக்குது, தட்டுல இறைச்சியை வெட்ட முடியல, சட்டைப் பொத்தானை நான் போட்டு விடறேன். ஆனா தூங்குறான். ஏன் தெரியுமா? பக்கத்துல ஒருத்தன் நின்னான், என்னைப் பார்த்துக்கிட்டான்னு நினைக்கிறான். அவனுக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கப் போறியா?"

"அவனுக்குத் தெரியணும்ல?"

"யாருக்காக? உனக்குப் பாரம் இறங்கும். இறங்கின பாரம் எங்க போகும்? என் வீட்டுக்குள்ளதான் வந்து உட்காரும். தினம் ராத்திரி நான்தான் அது பக்கத்துல படுக்கணும்." அவள் எழுந்தாள். "நானும் யோக்கியம் இல்ல. ஒரு தடவைதான் கேட்டேன். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க, நான் வாயை மூடிக்கிட்டேன். ஆலையில யாராவது அப்படிச் சிரிச்சிருந்தா கிரேனைவிட்டு இறங்கி வந்து சட்டையைப் பிடிச்சிருப்பேன். வீட்டுல பிடிக்கல. நான் சுமக்குறேன்ல? நீயும் சுமந்துக்கோ."

வாசல்வரை போய்த் திரும்பினாள். "அதை ஒழுங்கா மாட்டு. மாட்டிட்டு ஒரு தடவைக்கு நாலு தடவை கரண்ட்டை அணைச்சுப் பாரு."

கிளிஃப் பத்துத் தடவை பார்த்தான். கரண்ட்டை அணைத்ததும் உள்ளே க்ளிக் என்று ஒரு சத்தம் வந்தது, தலை மயிரிழைகூட இறங்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம் டிபோர் கிளிஃபைச் சாப்பிடக் கூப்பிட்டான். ஏரி மீன் வறுவல், வெள்ளரிக்காய்ப் பச்சடி. டிபோரின் முகத்தில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. கை ஆறிவிட்டது, மிச்ச விரல்களால் முள்கரண்டியைப் பிடிக்கப் பழகியிருந்தான்.

"கேளுடா கரண்ட்டு. ஃப்ரீசனுக்கு இப்போ தண்டு வேணுமாம், ஐந்நூறு. அதுக்கு லேத் வேணும். ஒரு பழைய லேத் பார்த்து வச்சிருக்கேன். மில்லுக்குப் பண்ண மாதிரியே அதுக்கும் பண்ணிடுவோம். மோட்டார், டிரைவ், கார்டு, பட்டன், எல்லாம் நீயே பார்த்து எடு. இந்தத் தடவை நான் வாயே திறக்க மாட்டேன். நீ என்ன சொல்றியோ அது."

கிளிஃப் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிங்க் பக்கம் நின்ற இலோனா குழாயை மூடினாள்.

ஒத்துக்கொள்ளத்தான் வாயெடுத்தான். சர்வோவா, எத்தனை வாட், எந்த டிரைவ் என்று வழக்கம்போல் மனசுக்குள் ஓட ஆரம்பித்தும்விட்டது. ஆனால் டிபோர் அந்தக் கையை மேசைமேல் வைத்திருந்தான். அது எந்தக் கூச்சமும் இல்லாமல், முழு நம்பிக்கையோடு, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்தக் கை ஓட்டப்போகிற மெஷினுக்கு இன்னொரு முறை பட்டியலைப் புரட்டி, இது வேண்டும் அது வேண்டாம் என்று தன்னால் சொல்ல முடியாது என்று கிளிஃபுக்குத் தெரிந்தது.

"என்னால முடியாதுடா" என்றான்.

"ஏன்?"

"வயசாச்சு. கண்ணு சரியா தெரியல. வேற யாரையாவது பாரு. ரோய் இருக்கான்ல?"

"ரோயா? சோப்புப் பெட்டிக்காரனா?" டிபோர் சிரித்தான். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. "போன வாரம்தான் கண்ணாடி இல்லாம அந்தச் சின்ன எழுத்தைப் படிச்சே. நான் பார்த்தேன்."

கிளிஃப் ஒரு மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கினான்.

டிபோரின் பார்வை மெதுவாகத் தன் கைக்கு இறங்கியது. அதை மேசையிலிருந்து எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டான்.

"ஓ" என்றான். "சரி. புரியுது."

"அது இல்லடா."

"வேற என்ன? சொல்லு. துண்டைப் பூட்ட நேரமாகும், இவனோட வேலை செஞ்சா நாள் ஓடாதுன்னு நினைக்கிறே. சொல்லிட்டுப் போ. இருபது வருஷத்துக்கு அந்த மரியாதையாவது கொடு."

கிளிஃப் இலோனாவைப் பார்த்தான். ஒரு வார்த்தை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனும் சொல்லிவிடுவான். இலோனா துணியால் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே காய்ந்துவிட்ட தட்டு. அவள் நிமிரவில்லை.

"நான் கிளம்பறேன்" என்றான் கிளிஃப்.

"மீனை முடிச்சுட்டுப் போ" என்றான் டிபோர், அவனைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு அவன் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. கராஜ் சாவியை ஒரு உறையில் போட்டு, மெஷினின் வயரிங் வரைபடங்கள் அத்தனையையும் சேர்த்து, அவர்கள் வீட்டுத் தபால் பெட்டியில் வைத்துவிட்டு வந்தான். வரைபடத்தில் புது மோட்டாரையும் அதன் பிரேக்கையும் சிவப்பு மையில் தெளிவாகக் காட்டியிருந்தான், தேதியோடு. யாராவது பார்த்துக் கேட்டால் கேட்கட்டும் என்று. யாரும் கேட்கவில்லை.

லேத்தை டிபோர், இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிற லண்டன் என்ற ஊரிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்து செய்துகொண்டான் என்று ரோய் பொட்வின் சொன்னான். நல்ல சாமான் போட்டிருக்கிறார்களாம், நன்றாக ஓடுகிறதாம். "ஆனா டிபோர் வருத்தமாத்தான் இருக்கான்" என்றான் ரோய், மளிகைக்கடைத் தள்ளுவண்டியில் கையை ஊன்றிக்கொண்டு. "கை போனதும் கூட இருந்தவனும் போயிட்டான்னு மன்றத்துல எல்லாருக்கும் சொல்லிட்டிருக்கான். நிஜமாவா கிளிஃப்? உன்னைப் பத்தி நான் அப்படி நினைக்கலையே."

"நிஜம்தான்" என்றான் கிளிஃப்.

ரோய் தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அதுவரை பார்க்கும்போதெல்லாம் நின்று பேசுகிற ரோய்.

கிளிஃப் ரொட்டியும் முட்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். முதல் பனி தூற ஆரம்பித்திருந்தது. அந்த மே மாதத்துக்குப் பிறகு ஊரில் வெளியாள் ஒருவன் தன்னைக் குற்றவாளியாகப் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று அவனுக்குத் தோன்றியது. காரணம்தான் தப்பு. காருக்குள் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பாமல், கண்ணாடி முழுக்க வெள்ளையாக மூடும்வரை இருந்தான். நன்றியைவிட இதைத் தாங்குவது சுலபமாகத்தான் இருந்தது. அதை நினைத்தபோது தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக வந்தது.